தீப்பந்தத்துக்கு முதற்பக்கம், பேனாவுக்குச் சிறை!

பல சமயத்தவரும் வாழும் ஒரு நாட்டிலே பேச்சுரிமைக்கு எல்லை உண்டா, இல்லையா என்பது புதிய கேள்வியன்று. எல்லை உண்டு என்பதே எமது விடை. கூட்டத்தைத் திரட்டி வைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் வாழ்பவர்மீது பாயும்படி ஏவுகின்றவன் கருத்து வெளியிடுகின்றவன் அல்லன். அவன் தீ வைக்கின்றவன். அவனைத் தடுப்பதும் தண்டிப்பதும் அரசின் கடமை. இதிலே எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை.

ஆனால், இலங்கையிலே கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக நாம் கண்டுவருவது இதற்கு நேர்மாறான காட்சி. சமயப் பகைமையைத் தடுப்பதற்கென ஆக்கப்பட்ட சட்டம், ஏவியவர்களை விட்டுவிட்டு எழுதியவர்களைப் பிடித்தது. உண்மையைத் தேடி வெளியிடவேண்டிய பத்திரிகைகளிற் பல, கூச்சலிட்டவனுக்கு முதற்பக்கத்தையும் அடிபட்டவனுக்கு ஏழாம் பக்கத்தின் மூலையையும் ஒதுக்கின. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள் அல்ல, ஒன்றையொன்று வளர்ப்பவை. பயிரைக் காப்பதாகச் சொல்லி வயலில் இறங்கியவன் களையை விட்டுப் பயிரைப் பிடுங்கினால் உழவன் பார்த்திருப்பானா? நாட்டு மக்கள் மட்டும் ஏன் பார்த்திருக்கவேண்டும்?

சட்டம் யாரைப் பிடித்தது?

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டமாகிய, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் இன, மதக் குரோதத்தைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். கைதானவருக்கு நீதவான் பிணை வழங்கமுடியாது. மேல் நீதிமன்றமே, அதுவும் விசேட காரணம் காட்டினாலே, வழங்கலாம். சிறுபான்மையினரைக் காக்கும் கவசம் எனப் பலரும் இச்சட்டத்தை நம்பினர். அதன் பயன் யாது? சில நிகழ்ச்சிகளை வரிசையாக நோக்குவோம்.

2019 ஏப்ரில் மாதம் முதலாந் திகதி, சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் பொல்கஹவெலையில் கைதுசெய்யப்பட்டார். அவர் செய்த குற்றம், விகாரை வாழ்க்கையில் நிகழும் பாலியல் துர்நடத்தையைத் தொட்டுச் செல்லும் ஒரு சிறுகதையை முகநூலில் வெளியிட்டமை. பிக்குமார் முறையிட்டனர், பொலிஸார் பிடித்தனர். நான்கு மாதம் சிறையிலிருந்த பின்பே மேல் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கிற்று. 2021 இல் அவர் விடுவிக்கப்பட்டார். அக்கதையைப் படித்து எவரேனும் எவரையேனும் தாக்கினரா? இல்லை. தாக்கும்படி அக்கதை சொல்லிற்றா? அதுவும் இல்லை.

2020 ஏப்ரிலில், கொள்ளைநோயைப் பரப்பியவர்கள் முஸ்லிம்களே என்ற நஞ்சுப் பிரசாரம் நாடெங்கும் நடந்துகொண்டிருந்த வேளையில், அதற்கு எழுத்தாலும் கருத்தாலும் விடையிறுக்கவேண்டும் என எழுதினார் ரம்ஸி ராசிக் என்னும் ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர். கருத்துப் போராட்டம் என்ற பொருளில் அவர் கையாண்ட ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு அவரைச் சிறையிலிட்டனர். ஐந்து மாதத்துக்கு மேல் அவர் உள்ளேயிருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து, நட்டஈடும் வழங்கும்படி பணித்தது. பகைமைக்கு எதிராக எழுதியவர் பகைமை பரப்பினார் என்று பிடிபட்டதை விடக் கொடிய விசித்திரம் வேறு வேண்டுமா?

2023 மே மாத இறுதியில், நகைச்சுவை மேடையிலே புத்தரின் இளமைப் பருவத்தைத் தொட்டுப் பேசியதற்காக நதாஷா எதிரிசூரிய என்ற பெண்மணி கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். ஐந்து வாரத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். அவர் பேச்சு அச்சட்டம் கூறும் தூண்டுதல் ஆகாது என்ற கருத்தைக் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணைக் கட்டளையிலேயே வெளியிட்டது.

மற்றுமொருவர் தமிழில் எழுதிய கவிஞர். மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறையைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், "நவரசம்" என்ற கவிதை நூலை 2017 இல் வெளியிட்டார். 2020 மே மாதம் அவரைப் பிடித்தனர். அவர்மீது ஏவப்பட்டது இன்னும் கொடிய ஆயுதமாகிய பயங்கரவாதத் தடைச் சட்டம். 1979 இல் "தற்காலிக ஏற்பாடு" எனப் பெயரிட்டுக் கொண்டுவரப்பட்டு, நான்கு தசாப்தங்களுக்கு மேலாக நம் மக்களின் கழுத்திற் கிடந்த அதே கயிறு. தமிழ் அறிந்தோர் அந்நூலைப் படித்துவிட்டு, தீவிரவாதத்தையும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகள் அதில் உள்ளன என்று எடுத்துக் காட்டினர். கேட்பார் இல்லை. பத்தொன்பது மாதம் கழித்து 2021 டிசம்பரிலேயே பிணை கிட்டியது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுதலை செய்தது. மூன்றரை ஆண்டு அவருடைய வாழ்விலிருந்து பறிபோயிற்று. தமிழ்க் கவிதை ஒன்றின் பொருளைத் தமிழ் தெரிந்தவர் சொல்லியும் ஏற்காத நிர்வாகத்தில், தமிழில் எழுதும் எவருக்குத்தான் பாதுகாப்பு உண்டு?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2014 யூன் 15 ஆந் திகதி அளுத்கமையில் பொது பல சேனா கூட்டம் நடத்தியது. கூட்டத்துக்கு இடமளிக்கவேண்டாம் என முஸ்லிம் அமைப்புகள் முன்கூட்டியே பொலிஸாரை வேண்டியிருந்தன. இடமளிக்கப்பட்டது. அந்த இயக்கத்தின் பொதுச்செயலாளர் கலகொட அத்தே ஞானசார தேரர், ஒரு சிங்களவர்மீது கைபட்டால் அதுவே முஸ்லிம்களின் முடிவு என்று பொருள்படப் பேசினார். அன்று மாலையே அளுத்கமை, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் வீடுகளும் கடைகளும் எரிந்தன; உயிர்களும் பறிபோயின. நீதிமன்றை அவமதித்த குற்றத்துக்காக 2018 இல் அவருக்கு ஆறாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டபோது, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2019 மே மாதத்தில் மன்னிப்பு வழங்கினார். 2021 ஒக்டோபரில், "ஒரே நாடு, ஒரே சட்டம்" என்ற ஜனாதிபதி செயலணிக்குத் தலைவராக அவரையே அமர்த்தினார் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. முதலில் நியமிக்கப்பட்ட அச்செயலணியிலே தமிழர் ஒருவர்தானும் இல்லை என்பதையும் நினைவிற் கொள்க.

அதே தேரர் 2024 மார்ச்சில் நான்காண்டுச் சிறைத்தண்டனையும், 2025 ஜனவரியில் ஒன்பது மாதத் தண்டனையும் பெற்றார் அல்லவா என்று சிலர் கேட்கலாம். பெற்றார். ஆனால் எதற்காக? 2016 இல் இஸ்லாத்தை நிந்தித்துப் பேசியதற்காக. அளுத்கமைக் கூட்டத்துக்காக அன்று. இதைக் கண்டு மகிழ எமக்கு மனம் இல்லை. ஒரு மதத்தைப் பற்றி இழிவாகப் பேசுவது பண்பற்ற செயல். ஆனால் அதுவே சிறைக்குரிய குற்றமென்றால், சத்குமாரவையும் நதாஷாவையும் பிடித்ததும் சரியாகிவிடும். கூட்டத்தை ஏவியவன் தப்பவும், வாய்த்துடுக்கு மட்டும் எட்டாண்டு கழித்துத் தண்டிக்கப்படவும் இடமளிக்கும் நீதி, பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதலும் ஆகாது. பேச்சுரிமைக்குக் காவலும் ஆகாது. மனம் புண்பட்டதா என்ற கேள்வியை விட்டு, தாக்கும்படி தூண்டப்பட்டதா என்ற கேள்வியைச் சட்டம் கேட்கவேண்டும். மனப்புண்ணை அளக்கும் கோல் எப்போதும் பெரிய கூட்டத்தின் கையிலேயே இருக்கும். சிறிய கூட்டத்தின் மனம் புண்பட்டதாக எந்தப் பொலிஸ் நிலையம் முறைப்பாடு எழுதிற்று?

2023 ஒக்டோபரில், தெற்கிலே வாழும் தமிழர்களை வெட்டுவோம் என்று மட்டக்களப்பிலே ஒரு விகாராதிபதி வாய்விட்டுப் பேசிய காட்சி நாடெங்கும் பரவியது. நகைச்சுவை மேடையிலே பேசிய பெண்ணை விமான நிலையம் வரை துரத்திய வேகம் அங்கே காணப்படவில்லை. இதற்கு மேலும் உதாரணம் வேண்டுமா?

பத்திரிகைகள் செய்தது என்ன?

சட்டத்தின் குற்றத்தை எடுத்துக் காட்டும் நாம், எமது தொழிலின் குற்றத்தை மறைப்பது நேர்மையாகாது.

2018 பெப்ரவரியில் அம்பாறையிலே, முஸ்லிம் ஒருவரின் உணவகத்துக் கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்திருந்தது என்ற கதை கட்டிவிடப்பட்டது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஆராய்ந்து பார்த்த அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் கண்டது மாவுக் கட்டி. அதற்குள் கதை கண்டிக்குப் போய்விட்டது. மார்ச் மாதத்திலே திகணையிலும் தெல்தெனியவிலும் தீ மூண்டது, அவசரகாலநிலை பிரகடனமாயிற்று, முகநூல் முதலியவற்றை அரசாங்கம் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கிற்று. சிங்களத்தில் எழுதப்பட்ட கொலைமிரட்டல்களை வாசித்து நீக்கப் போதிய ஆள் இல்லாமலே அந்தப் பெரும் கம்பனி இந்நாட்டில் வியாபாரம் நடத்திற்று. தன் பங்குக்காக 2020 இல் அது வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கு வருத்தம் கூரை போடுமா?

மறுவருடம், அதே மலட்டுக் கதை அச்சுப் பத்திரிகையின் முதற்பக்கத்துக்கே வந்தது. குருநாகல் வைத்தியசாலையில் ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாரை மலடாக்கினார் என்று 2019 மே மாதத்திலே ஒரு சிங்கள நாளேடு பெரிய எழுத்திற் பிரசுரித்தது. ஆதாரம்? ஒன்றுமில்லை. வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் மறுநாளே கைதானார். குற்றச்சாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களமே பின்னர் நீதிமன்றில் அறிவித்தது. அவருடைய நிலுவைச் சம்பளத்தை அரசாங்கம் 2022 இல் கொடுத்தபோது, மருந்துத் தட்டுப்பாட்டால் வாடிய அரசாங்க வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கவென்று அப்பணத்தை அவர் அளித்துவிட்டார். நஞ்சூட்டியதாகத் தூற்றப்பட்டவர் மருந்து வாங்கிக் கொடுத்தார்! முதற் செய்திக்குக் கிடைத்த பெரிய எழுத்து, இச்செய்திக்குக் கிடைத்ததா?

ஆகவே மதவெறியரின் பேச்சைப் பத்திரிகைகள் பிரசுரிக்காமலே விட்டுவிடலாமே என்று நல்லெண்ணம் படைத்தோர் சிலர் கூறுகின்றனர். அதுவும் மருந்தன்று. அளுத்கமை எரிந்த அந்த இரவிலே பெரும்பாலான ஊடகங்கள் வாய்மூடியிருந்தன. தர்கா நகரத்து மக்கள் தங்கள் உயிரபாயத்தைக் கைத்தொலைபேசி வழியாகவே உலகுக்கு அறிவிக்க நேர்ந்தது. செய்தி இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும். மௌனம் காத்த பத்திரிகை அமைதியைக் காக்கவில்லை, தாக்கியவனையே காத்தது.

இன்னொரு மௌனம் இதனிலும் பெரிய விலை கொண்டது. காத்தான்குடியில் சஹ்ரான் ஹாசிம் தமிழிலே நஞ்சு கக்கிக்கொண்டிருந்தபோது, முதலில் எச்சரித்தவர்கள் முஸ்லிம்களே. 2017 மார்ச்சில் அங்குள்ள சூபி மரபினரோடு அவனுடைய குழு மோதியது. பாதிக்கப்பட்டவர்கள் பொலிஸாரிடம் முறையிட்டனர். எத்தனை பத்திரிகைகள் அங்கே நிருபரை அனுப்பி அம்மக்களின் முறைப்பாட்டைக் கேட்டறிந்து எழுதின? ஞானசார தேரரின் ஒவ்வொரு தும்மலுக்கும் செய்தியாளரைக் கூட்டிய அதே தலைநகரம், காத்தான்குடி மக்களின் முறைப்பாட்டுக்குக் காது கொடுக்கவில்லை. 2019 ஏப்ரில் 21 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் 260 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிலே தமிழர் பலர். முன்னறிவிப்புக் கிடைத்தும் கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆட்சியாளரின் கடமைத் தவறுக்கு நீதிமன்றம் விலை குறித்துவிட்டது. பத்திரிகைகளின் கடமைத் தவறுக்கு விலை குறிப்பது யார்? வாசகர்களே குறிக்கவேண்டும்.

மதவெறியைப் பிரசுரிப்பதா, மறைப்பதா என்ற கேள்வியோடு விடயம் முடியவில்லை என்பது இதனாற் புலனாகும். எதை முன்வைப்பது, யாரைக் கேட்பது, எதுவரை தொடர்ந்து செல்வது என்பவையே கேள்விகள். பேசியவனின் வாய்ச்சொல்லை மட்டும் அச்சிடுவது அவனுக்கு இலவச விளம்பரம். அவன் பேசக் காரணம் என்ன, கூட்டத்துக்கு வண்டி பிடித்தவர் யார், அனுமதி கொடுத்தவர் யார், அடுத்த நாள் யாருடைய கடை எரிந்தது, ஆறு மாதம் சென்றபின் வழக்கு என்னவாயிற்று என்று எழுதுவதே செய்தி.

பாணந்துறை தந்த பாடம்

சமய வாதம் எழுந்தாலே இரத்தம் சிந்தும் என்று அஞ்சுவோர், இந்நாட்டின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கவேண்டும். 1873 ஆகஸ்டில் பாணந்துறையிலே மிகெட்டுவத்தே குணானந்த தேரரும் கிறிஸ்தவர் தரப்பில் தாவீது டி சில்வா முதலியோரும் ஆயிரக்கணக்கான மக்கள் முன்னிலையில் வாதிட்டனர். ஒருவர் மற்றவரின் வேதத்தையே மறுத்துப் பேசினர். இன்றைய சட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் இரு தரப்பாரும் விளக்கமறியலுக்குப் போயிருக்கவேண்டியவர்கள்! கூட்டம் அமைதியாகக் கலைந்தது. வாதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகிக் கடல் கடந்தன. அவற்றைப் படித்தே கேணல் ஒல்கொட் இந்நாட்டின்பால் நாட்டங்கொண்டு 1880 இல் வந்து சேர்ந்தார். இன்று பௌத்த மறுமலர்ச்சி என்று பெருமையோடு சொல்லப்படுவது, மாற்றாரின் மதத்தைத் தாராளமாக விமர்சிக்க இருந்த சுதந்திரத்திலிருந்தே கிளைத்தது. அதே மறுமலர்ச்சியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு சிறுகதைக்காரரைச் சிறையிலிடுவது தகுமா?

யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. அமெரிக்க மிஷனார் 1841 இல் "உதய தாரகை"யைத் தொடங்கினர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலரே, 1854 இல் "சைவதூஷண பரிகாரம்" எழுதி மிஷனாரின் கண்டனங்களுக்கு விடையிறுத்தார். எழுத்துக்கு எழுத்தே மறுப்பாயிற்று. அச்சியந்திரத்துக்கு எதிராக இன்னொரு அச்சியந்திரம் எழுந்தது. தமிழ் உரைநடை வளர்ந்ததும் அந்தப் போரிலேதான்.

அக்காலம் பொற்காலம் என்று நாம் சொல்லவரவில்லை. பாணந்துறைக்குப் பத்தாண்டு சென்றபின், 1883 இல் உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலே பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலகம் மூண்டது. அதே குணானந்த தேரரின் விகாரைக்குச் சென்ற ஊர்வலம் அது. தம் மதச் சின்னங்கள் அவமதிக்கப்படுகின்றன என்ற வதந்தியே கத்தோலிக்கரைக் கொதிப்பித்தது. இரண்டையும் ஒப்புநோக்குக. பாணந்துறையிலே கடுமையான சொற்கள் நேருக்கு நேர் வழங்கின; மறுமொழி சொல்ல மேடை இருந்தது; எழுதிக்கொள்ள ஆள் இருந்தது. கொட்டாஞ்சேனையிலோ வாதம் இல்லை, வதந்தி இருந்தது. மேடை இல்லை, தடி இருந்தது. மனிதர் மாண்டது வாதத்தால் அன்று.

இது நமக்கென்ன என்போருக்கு

சிங்கள எழுத்தாளர் சிறை சென்றால் சிங்களவர் பார்த்துக்கொள்ளட்டும், முஸ்லிம் கவிஞர் சிறை சென்றால் முஸ்லிம்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நம்மவர் சிலர் பேசக் கேட்கிறோம். பேதைமை! எண்ணிக்கையாலும் ஆயுதத்தாலும் பதவியாலும் வலிமை பெறாத ஓர் இனத்துக்கு எஞ்சியிருக்கும் வலிமை சொல் ஒன்றே. நிலம் பறிபோகிறது என்று சொல்லவும், காணாமற் போனோர் எங்கே என்று கேட்கவும், மலையுச்சியில் இருந்த ஆலயம் எங்கே என்று வினவவும் நமக்கு இருக்கும் கருவி அதுவே. "மத உணர்வைப் புண்படுத்தினாய்" என்று ஒரு சிறுகதையைப் பிடிக்கும் சட்டம், நாளை குருந்தூர்மலையைப் பற்றிய கட்டுரையைப் பிடிக்காதா?

பிடிக்கும் என்பதற்கு அறிகுறிகள் உள. குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி சரவணராஜா, பாராளுமன்றத்திலேயே இழித்துரைக்கப்பட்டபின், உயிரச்சுறுத்தலைக் காரணங் காட்டி 2023 செப்டெம்பரில் பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார். 2024 மார்ச் 8 ஆந் திகதி, மகா சிவராத்திரி இரவிலே, வெடுக்குநாறிமலை ஆதிலிங்கேசுவரர் ஆலயத்தில் வழிபட்ட எண்மரைப் பொலிஸார் பிடித்துச் சென்றனர். சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் சமயத்துக்கும் கட்டற்ற உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை கூறுகிறது. வெடுக்குநாறியில் அன்றிரவு அந்த உறுப்புரை எங்கே போயிற்று?

நம் முற்றமும் தூய்மையாகவேண்டும்

இவ்வளவும் கூறிய பின் நம்மவரிடமும் சில வார்த்தை சொல்லாதிருத்தல் கோழைத்தனம். 1990 ஆகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அவ்வாண்டு ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் அவர்களால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி, நம் சந்தையிலே கடை வைத்து, நம் வயலிலே நெல் வாங்கிய மக்கள் அவர்கள். அன்று அதை வெளிப்படையாகக் கண்டித்த தமிழ்க் குரல்கள் மிகச் சில. பேசியிருந்தால் உயிர் போயிருக்கும் என்பது உண்மை. பேச்சுரிமை இல்லாத இடத்தில் அநீதி இரண்டு மணி நேரத்தில் நிறைவேறிவிடும் என்பதற்கு அதனினும் பெரிய சான்று இல்லை.

அன்று பேச முடியாதிருந்தது; இன்று முடியும். ஆயினும் 2018 இல் திருகோணமலையிலே ஓர் இந்து மகளிர் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்ததற்கு எதிராக ஆர்ப்பாட்டம் நடந்தபோது, நம் ஏடுகளும் சமூகத் தலைவர்களும் நிதானமாகப் பேசினரா? மதமாற்றம் என்ற கூக்குரலிட்டுக் கிறிஸ்தவச் சபைகளுக்கு எதிராகவும், பண்பாட்டைக் காப்போம் என்ற பெயரால் முஸ்லிம் வியாபாரிகளுக்கு எதிராகவும் ஆங்காங்கே சுவரொட்டி ஒட்டுவோர் தமிழர் வாழும் ஊர்களிலும் இருக்கின்றனர். அவர்களின் சொற்களை எடுத்துச் சிங்களத்தில் பெயர்த்தால், தெற்கிலே நாம் கண்டிக்கும் அதே சொற்கள். தமிழை ஆக்கியோர் சைவர் மட்டும் அல்லர். வேதநாயகம்பிள்ளையும் உமறுப்புலவரும் வளர்த்த மொழி இது. தெற்கில் நீதி கேட்கும் நாம் வடக்கிலும் கிழக்கிலும் நீதி வழங்கக் கடமைப்பட்டவர்கள்.

செய்யவேண்டுவன

வெறும் புலம்பலோடு முடிக்க நாம் விரும்பவில்லை. ஆட்சியில் எக்கட்சி இருப்பினும் அதனிடம் நாம் கேட்பவை இவை.

முதலாவது, சமவாயச் சட்டத்தின் கீழ், சட்டமா அதிபரின் எழுத்துமூலமான அனுமதியின்றி எவரையும் கைதுசெய்யலாகாது. பிக்குவோ பாதிரியாரோ மௌலவியோ குருக்களோ பொலிஸ் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டார் என்பதற்காக ஓர் எழுத்தாளர் சிறைக்குப் போகும் நிலை ஒழியவேண்டும். பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்கும் வேண்டும்.

இரண்டாவது, எழுத்து எந்த மொழியில் உள்ளதோ அம்மொழியிலே புலமையுள்ள சுயாதீனமானவர் அதை வாசித்து அறிக்கை தந்த பின்பே நடவடிக்கை எடுத்தல் வேண்டும். அஹ்னாப் ஜஸீமுக்கு நேர்ந்தது இன்னொரு தமிழ்க் கவிஞருக்கு நேரலாகாது.

மூன்றாவது, 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்திலும் தண்டனைச் சட்டக்கோவையிலும் உள்ள "மத உணர்வைப் புண்படுத்தல்" என்ற அளவுகோலை நீக்கி, உடனடி வன்முறைக்குத் தூண்டுதல் என்ற தெளிவான வரம்பை வைத்தல் வேண்டும். ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவொன்று எது உண்மை, எது பொய் என்று தீர்ப்பதற்கு நாடு பள்ளிக்கூடம் அன்று.

நான்காவது, தாக்குதலுக்கு ஏவியோர் எவ்வாடை உடுத்தினும் அவர்மீது தாமதமின்றி வழக்குத் தொடரவேண்டும். ஒரு மேடையுரைக்கு வழக்கு முடிய எட்டாண்டு செல்லுமாயின், அடுத்த மேடைக்கு அதுவே அனுமதிச் சீட்டாகிவிடும்.

பத்திரிகையாளராகிய நம்மவருக்கும் சில கடமைகள் உள. ஆதாரம் கையில் இல்லாமல் ஓர் இனத்தின்மீது பழிசுமத்தும் செய்தி அச்சேறலாகாது. தவறு நேர்ந்தால், அது வெளிவந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வரவேண்டும். சிங்களப் பத்திரிகைகள் தமிழறிந்த நிருபரையும், தமிழ்ப் பத்திரிகைகள் சிங்களமறிந்த நிருபரையும் வைத்திருக்கவேண்டும். அண்டை வீட்டில் என்ன பேசுகின்றனர் என்பதை அறியாமல் அச்சப்படுவதைவிட, அறிந்து விடையளிப்பதே ஆண்மை.

வாசகர்களே! வீதியிலே கூச்சல் எழுந்தவுடன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது நம்மவர் பழக்கமாகிவிட்டது. அதற்குரிய காரணங்களை நாம் நன்கறிவோம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் கையிலிருந்து பேனாவைப் பறிக்கும்போது சாத்திய கதவு, நம் வீட்டுக்குத் தீப்பந்தம் வரும்போது நம்மைக் காக்காது. சத்குமாரவின் கதை நமக்குப் பிடிக்கவேண்டியதில்லை. நதாஷாவின் நகைச்சுவைக்கு நாம் சிரிக்கவேண்டியதில்லை. அவர்கள் சொன்னதற்கு மறுப்பு இருந்தால் எழுதுவோம். எழுதும் உரிமை அவர்களுக்கும் நமக்கும் ஒன்றே. அதைச் சேர்ந்து காத்தாலன்றித் தனித்தனியே காக்க முடியாது.